கெயின் குமிழில் மணி பத்து

கிட்டார் வாசிப்பவர்கள் ஆம்பின் குமிழ்களைக் கடிகாரம்போலப் படிப்பார்கள். முழுக்க இடப்பக்கம் திருப்பினால் ஏழு மணி, நேர்மேலே நின்றால் பன்னிரண்டு, முழுக்க வலப்பக்கம் போனால் ஐந்து. பீவி நிறுவனம் எட்டி வான் ஹேலனோடு சேர்ந்து 1992-இல் கொண்டுவந்த 5150 போன்ற ஹை-கெயின் வால்வு ஆம்பைத் தொழிலாக வாசிப்பவர்கள் எப்படி வைத்துக்கொள்கிறார்கள் என்று கவனித்தால் ஒரு விசித்திரம் புலப்படும். சிக்னல் எவ்வளவு பெருகிச் சிதைய வேண்டும் என்று தீர்மானிக்கும் கெயின் குமிழ் பெரும்பாலும் பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே நிற்கும். அதற்கு வலப்பக்கம் இருப்பது காசு கொடுத்து வாங்கியும் உழாமல் விட்ட நிலம். நேற்று வாங்கியவர் வீட்டிலோ அதே குமிழ் நான்கு மணியில் நிற்கும். இந்த வேறுபாட்டை அனுபவம், ரசனை என்று சொல்லிக் கடந்துவிடலாம். எனக்கு அது போதவில்லை. ஹை-கெயின் ஆம்பின் தரம் அது எவ்வளவு பெருக்குகிறது என்பதைவிட, எதை எந்த இடத்தில் வெட்டி எறிகிறது என்பதில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. வடிவமைத்த பொறியாளர் இந்த வெட்டு வேலையில் பாதியைப் பெட்டிக்குள் முடித்துவிடுகிறார். மீதி, வாசிப்பவரின் கையில் இருக்கிறது.

ஒலி சிதைவதைத் தொடக்கத்தில் யாரும் விரும்பி உண்டாக்கவில்லை. கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் ஆம்ப் செய்த லியோ ஃபெண்டருக்குத் தந்தியின் ஒலி தெளிவாக வெளிவர வேண்டும் என்பதே குறி. 1959 வாக்கில் அவர் நிறுவனம் விற்ற பேஸ்மேன் ஆம்பை எடுத்து, லண்டனின் மேற்கே ஹான்வெல்லில் டிரம் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷலின் ஆட்கள், கென் பிரானும் டட்லி கிரேவனும், 1962-இல் ஏறத்தாழ அப்படியே படியெடுத்தார்கள். அதுதான் ஜேடிஎம்45. மாறியவை சிலவே. அவற்றில் முக்கியமானது முதல் வால்வு. ஃபெண்டர் அங்கே வைத்திருந்தது 12ஏஒய்7; பெருக்கக் காரணி சுமார் 44. மார்ஷல் வைத்தது இசிசி83, அமெரிக்கப் பெயரில் 12ஏஎக்ஸ்7. பெருக்கக் காரணி 100. ஒரே ஒரு வால்வு மாறியதில் ஆம்ப் சீக்கிரமே மூச்சு முட்டத் தொடங்கியது. அந்த முட்டலைத்தான் ராக் உலகம் விரும்பியது. ஆனாலும் அதை எட்ட ஆம்பை முழு ஒலிக்கு ஏற்ற வேண்டியிருந்தது. அரங்கமே அதிர வேண்டியிருந்தது. 1970-களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் ராண்டால் ஸ்மித் தம் பூகி ஆம்பில் முன்பெருக்கியில் கூடுதலாக ஒரு வால்வு நிலையைச் சேர்த்தார். 1975-இல் மார்ஷல் 2203 மாதிரியில் மாஸ்டர் வால்யூமைக் கொண்டுவந்தது. முன்னே நெரிக்கலாம், பின்னே அடக்கலாம் என்றானது அதன் பிறகுதான். ஹை-கெயின் என்று இன்று நாம் சொல்வதன் வேர் இந்த இரண்டு மாற்றங்களில் இருக்கிறது.

வால்வு ரேடியோ வைத்திருந்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பெட்டியின் உள்ளே இருப்பது அந்நியமாகத் தோன்றாது. சுவிட்சைப் போட்டதும் பேசாது. இழை சூடேற வேண்டும். மெல்லிய ஆரஞ்சு வெளிச்சம், சூடான தூசியின் வாசனை, உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் மின்னழுத்தம். (பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சர்களில் அது தங்கியிருக்கும், திறந்து பார்க்கும் ஆர்வம் உள்ளவர்கள் இதை மறக்கக் கூடாது. ஸ்பீக்கரை இணைக்காமல் ஆம்பை ஓட்டக் கூடாது என்பதையும்தான்.) ரேடியோவில் வால்வின் வேலை அலையை உருக்கெடாமல் பெரிதாக்குவது. இங்கே அதன் வேலை, பெரிதாக்கிப் பெரிதாக்கி, அலையின் தலையும் காலும் மின்னழுத்தத்தின் கூரையிலும் தரையிலும் மோதி மழுங்கும்படி செய்வது. மழுங்கிய அலையில் முன்பு இல்லாத மேற்சுரங்கள் முளைக்கின்றன. தம்புராவின் பாலத்தில் தந்திக்கு அடியில் நூலைச் செருகி ஜீவா சேர்ப்பவருக்கு இது புரியும். அங்கேயும் தந்தியின் அசைவைச் சற்றே தடுப்பதால்தான் ஒலி விரிகிறது. நூல் இம்மி நகர்ந்தால் ஜீவா போய்விடும் என்பதும் அவருக்குத் தெரியும்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். ஒரு 12ஏஎக்ஸ்7 வால்வுக்குள் இரண்டு பாதிகள் உண்டு. ஒவ்வொன்றும் நடைமுறையில் சுமார் 50 மடங்கு பெருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். மூன்று நிலைகளை அடுத்தடுத்து மாட்டினால் 50 × 50 × 50, அதாவது 1,25,000 மடங்கு. பிக்கப்பிலிருந்து 0.1 வோல்ட் வந்தால் மறுமுனையில் 12,500 வோல்ட் வர வேண்டும். தெருமுனை டிரான்ஸ்ஃபார்மருக்கு வரும் கம்பியிலேயே 11,000 வோல்ட்தான். ஆம்பின் முன்பெருக்கியில் கிடைப்பதோ சில நூறு வோல்ட். ஆகவே மூன்று நிலைகளின் முழுப் பெருக்கத்தை எந்த ஆம்பும் பயன்படுத்துவதில்லை, பயன்படுத்தவும் முடியாது. மார்ஷல் 2203-இன் சர்க்யூட்டைப் பார்த்தால், இரண்டு நிலைகளுக்கு நடுவே 470 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டு உட்கார்ந்திருக்கும். ஒன்று சிக்னலின் வழியில், மற்றது எர்த்துக்கு. வந்ததில் ஏறக்குறைய பாதி அங்கேயே மண்ணுக்குப் போகிறது. இவ்வளவு சிரமப்பட்டுப் பெருக்கியதை ஏன் பாதியாகக் குறைக்க வேண்டும்? அடுத்த நிலை எவ்வளவு நெரிபட வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை அந்த ரெசிஸ்டர்களிடம்தான் இருக்கிறது. அதே ஆம்பில் ஒரு நிலையின் கேத்தோடில் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்கும். வழக்கமான அளவைவிடப் பல மடங்கு அதிகம். அந்த நிலை அதனால் சரியாகப் பெருக்குவதே இல்லை. அலையின் ஒரு பக்கத்தை மட்டும் முன்கூட்டியே நறுக்கிவிடுகிறது. பெருக்கியாக எடுத்துக்கொண்டால் அது மட்டமான வடிவமைப்பு. மார்ஷலின் உறுமல் என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு அந்த மட்டமான நிலையிலிருந்து வருகிறது. 1987-இல் வந்த சோல்டானோ எஸ்எல்ஓ-100 அந்த ரெசிஸ்டரை 39 கிலோ ஓம் வரைக்கும் கொண்டுபோனது.

இவற்றையெல்லாம்விட எனக்கு வலுவான சான்று ஒரு சிறிய கண்டென்சர். பல ஃபெண்டர் ஆம்ப்களில் முதல் நிலையின் கேத்தோடில் 25 மைக்ரோஃபாரட் கண்டென்சர் இருக்கும். கிட்டாரின் கனத்த தந்தி வரைக்கும் எல்லா அதிர்வெண்களும் ஒரே அளவில் பெருகும். மார்ஷலின் லீட் மாதிரிகளில் அந்த இடத்தில் 0.68 மைக்ரோஃபாரட். முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. இதனால் தாழ்ந்த சுரங்கள் முதல் படியிலேயே மெலிகின்றன. இடைப்பட்டவையும் மேலுள்ளவையும் மட்டும் வலுவோடு அடுத்த நிலைக்குப் போகின்றன. கனமான ஒலிக்குப் பெயர்போன ஆம்ப், கனத்தை வாசலிலேயே நிறுத்திவைக்கிறது. முரண்போலத் தோன்றும் இதற்குக் காரணம் சிதைவின் இயல்பில் இருக்கிறது. ஒரே நேரத்தில் இரண்டு சுரங்கள் நெரிபட்டால், அவற்றின் கூட்டலும் வேறுபாடும் புதிய சுரங்களாகப் பிறக்கும். கிட்டாரின் தடித்த தந்தியான இ 82.4 ஹெர்ட்ஸ், அதன் பஞ்சமமான பி ஏறக்குறைய 123.5. இரண்டையும் சேர்த்து நெரித்தால் வேறுபாடாக 41 ஹெர்ட்ஸ் பிறக்கிறது. அது அதே இ, ஒரு ஸ்தாயி கீழே. கூட்டலாக 206 பிறக்கிறது. அது இ-க்கு உரிய அந்தர காந்தாரத்துக்கு மிக அருகில். ச-ப என்ற இரு சுரத்தை மட்டும் வாசிக்கிற பவர் கார்டு இவ்வளவு பெரிதாகக் கேட்பது இதனால்தான். வாசிக்காத சுரங்களை ஆம்பே சேர்த்துக்கொடுக்கிறது. அதே இடத்தில் பஞ்சமத்தை விட்டுக் காந்தாரத்தை, 103.8 ஹெர்ட்ஸை, வைத்துப் பாருங்கள். வேறுபாடு 21 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேல். சுரமாகக் காதுக்கு எட்டாத வெறும் படபடப்பு. கூட்டல் 186, கார்டிலேயே இல்லாத எஃப் ஷார்ப்பின் பக்கம் போய் நிற்கிறது. தாழ்ந்த பகுதியில் இப்படிப் பிறக்கும் குப்பைதான் வாசிப்பவர்கள் சேறு என்று சொல்வது. கெயினைக் கூட்டக் கூட்டச் சேறு ஆழமாகும். சேறு பிறந்த பிறகு டோன் குமிழால் அள்ளிக்கொட்ட முடியாது. பிறக்கும் முன்பே தாழ்வைக் குறைத்தாக வேண்டும்.

எங்கே வெட்டுவது என்ற கேள்விக்கு ராண்டால் ஸ்மித்தின் மீசா பூகி நிறுவனத்தின் மார்க் வரிசை ஒரு பாடம்போல இருக்கிறது. மார்ஷலில் பேஸ், மிடில், ட்ரெபிள் குமிழ்கள் சிதைவுக்குப் பின்னால் வருகின்றன. மார்க் ஆம்ப்களில் முன்னால் வருகின்றன. இதை அறியாமல் பேஸ் குமிழை நடுவில் வைத்தால் கஞ்சிபோல ஒலிக்கும். இந்த ஆம்ப் மோசம் என்று பெட்டியை மூடிவிடுவார்கள். அறிந்தவர் அதை ஏறக்குறைய அணைத்தே வைத்துவிட்டு, சிதைவுக்குப் பின்னால் வரும் ஐந்து ஈக்வலைசர் நெம்புகளில் (80, 240, 750, 2200, 6600 ஹெர்ட்ஸ்) 80-ஐ உயர்த்தித் தேவையான கனத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வார். தாழ்வைச் சிதைவுக்கு முன் கழித்து, சிதைந்த பிறகு கூட்டுவது. மெட்டாலிகாவின் 1986 ஆல்பமான ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ இந்த வரிசையின் டூ-சி பிளஸ் ஆம்பால் பதிவானது. அதன் அறுத்தெறிகிற தாளக் கிட்டாரைக் கேட்பவர் எல்லாக் குமிழ்களும் முழுக்க ஏறியிருக்கும் என்றுதான் நினைப்பார். 5150-இல் இந்த வசதி இல்லை. அதனால்தான் மெட்டல் ஒலிப்பதிவுக்கூடங்களில் ஒரு வழக்கம் வேரூன்றியது: ஐபனெஸ் நிறுவனத்தின் பச்சை நிற ட்யூப் ஸ்க்ரீமர் பெடலை ஆம்புக்கு முன்னால் மாட்டி, பெடலின் டிரைவைச் சுழியத்திலும் லெவலை முழுக்கவும் வைப்பது. மலையளவு சிதைவு இருக்கும் ஆம்புக்கு முன் இன்னொரு சிதைவுப் பெடல் எதற்கு என்று வெளியாட்கள் சிரிப்பார்கள். அந்தப் பெடலின் நெரிப்பை அங்கே யாரும் நாடவில்லை. சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே அது படிப்படியாகக் குறைக்கும் குணம்தான் வேண்டியிருக்கிறது. தாழ்வை முன்கூட்டியே வெட்ட அது ஒரு மலிவான கத்தி.

ஸ்பீக்கரும் இந்தக் கட்சியில் சேர்ந்ததுதான். ஆம்பின் முன்பெருக்கியிலிருந்து நேராக ஹெட்ஃபோனுக்கு ஒலியைக் கொடுத்தால் குளவிக்கூட்டைக் கலைத்ததுபோல இருக்கும். பன்னிரண்டு அங்குல கிட்டார் ஸ்பீக்கர் ஏறத்தாழ 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் செங்குத்தாக விழுகிறது. இசை கேட்பதற்கான ஸ்பீக்கராக எடுத்துக்கொண்டால் இது பெருங்குறை. அந்தக் குறை இல்லாவிட்டால் சிதைந்த கிட்டாரை யாரும் ஐந்து நிமிடம் கேட்டிருக்க மாட்டார்கள். ஆக, பிக்கப்பில் தொடங்கிக் காற்றில் முடியும் பாதையில் பெருக்கும் இடங்களைவிட நறுக்கும் இடங்கள் குறைந்தவை அல்ல.

வாசிப்பவரின் பங்கு எங்கே வருகிறது? வலக்கையில். மெட்டல் தாளத்தின் அடித்தளம், உள்ளங்கை ஓரத்தைப் பாலத்தின்மேல் வைத்துத் தந்தியை அடக்கி மீட்டுவது. அடக்கிய அடிக்கும் திறந்த அடிக்கும் இடையிலுள்ள உயர வித்தியாசம்தான் அந்தத் தாளத்தின் உயிர். கெயின் கூடினால் இந்த வித்தியாசம் சுருங்குகிறது. மெல்லிய மீட்டலும் கூரையில் மோதும். வல்லிய மீட்டலும் அதே கூரையில் மோதும். எல்லாம் ஒரே உயரம். மெதுவாகத் தொட்டதற்கும் ஓங்கி அடித்ததற்கும் ஆம்ப் ஒரே பதில் சொன்னால், கை பேசுவதற்கு இடமில்லை. கூடவே விலை இன்னும் உண்டு: தொடாத தந்தியின் முனகல், விரல் நகரும் சரசரப்பு, மின் இணைப்பின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம், முதல் வால்வின் சீற்றம் எல்லாமே சுரங்களோடு சேர்ந்து லட்சம் மடங்குப் பாதையில் ஏறுகின்றன. இரைச்சலை அடைக்க நாய்ஸ் கேட் பெடலை வைக்கிறோம். அது சுரத்தின் வாலையும் சேர்த்துக் கடிக்கிறது. பிறகு அதைத் தளர்த்துகிறோம், இரைச்சல் திரும்புகிறது. இந்தச் சண்டைக்கு உண்மையான மருந்து குமிழை ஒரு மணி பின்னால் திருப்புவது; யாரும் முதலில் முயல்வதில்லை. ஏசி/டிசி-யின் மால்கம் யங்கைக் கேளுங்கள். அவருடைய கிட்டாரை வலிமையானது என்று சொல்லாதவர் இல்லை. அதன் சிதைவு, கேட்டுப் பழகிய நினைவில் இருப்பதைவிட மிகக் குறைவு. கார்டின் ஒவ்வொரு தந்தியும் தனித்தனியே எண்ணக்கூடியதாக இருக்கிறது. ஒலிப்பதிவில் இது இன்னும் தெளிவாகும். தாளக் கிட்டாரை இடம் ஒன்று, வலம் ஒன்று என இரண்டு முறையோ, நான்கு முறையோ தனித்தனியாக வாசித்து அடுக்குவது வழக்கம். ஒவ்வொன்றிலும் கெயின் மிதமாக இருந்தால் அடுக்கியது சுவர்போல நிற்கும். ஒவ்வொன்றும் நிரம்பி வழிந்தால் அடுக்கியது மூடுபனியாகிவிடும்.

அப்படியானால் தொடக்கத்தில் எல்லோரும் ஏன் நான்கு மணிக்குப் போகிறார்கள்? இதை அறியாமை என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. அவர்கள் காது பொய் சொல்லவில்லை. மெல்லிய ஒலியில் நம் காது தாழ்ந்த அதிர்வெண்களைக் குறைவாகக் கேட்கும். ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இலேயே இதை அளந்து காட்டினார்கள். படுக்கையறையில் தனியாக, குறைந்த ஒலியில் வாசிப்பவருக்கு ஒலி மெலிந்துதான் கேட்கும். அந்த மெலிவை ஈடுகட்ட அவர் பேஸைக் கூட்டுவார், மிடிலைக் குறைப்பார், கெயினை ஏற்றுவார். தனியறையில் அது பிரமாதமாகவே இருக்கும். அதே அமைப்போடு இசைக்குழுவுக்குள் போனால் தாழ்ந்த பகுதியை பேஸ் கிட்டாரும் கிக் டிரம்மும் பிடித்துக்கொள்கின்றன, மேல்பகுதி சிம்பலுடையது, கிட்டாருக்கு உரிய நடுப்பகுதியை அவரே வெட்டி எறிந்துவிட்டார். பிறகு கேட்கவில்லை என்று ஒலியை ஏற்றுகிறார். 50 வாட் ஆம்புக்கும் 100 வாட் ஆம்புக்கும் இடையே கூடுவது 3 டெசிபல்தான் என்பதால் அதிலும் பெரிய பலன் கிடைக்காது. வெட்டுவது நல்லது என்று நான் சொல்லிவருகிறேன். தவறான இடத்தில் வெட்டினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

தனி வாசிப்புக்கு, அதாவது லீடுக்கு, கெயின் இல்லாமல் சுரம் நீளாதே என்பார்கள். பாதி சரி. தந்தியின் ஒலி அடங்கிக்கொண்டே போகையில் கூரையில் மோதும் அலை ஒரே உயரத்தில் நிற்பதுபோல் கேட்பதால்தான் சுரம் நீள்கிறது. ஆகவே லீடுக்குத் தாளத்தைவிடச் சற்றுக் கூடுதல் கெயின் நியாயமே. ஆனால் சுரம் முடிவில்லாமல் நிற்பது ஸ்பீக்கரின் காற்று தந்தியை மறுபடி அசைக்கும்போதுதான். அதற்கு வேண்டியது அறையில் ஒலியளவும், நிற்கும் இடமும். குமிழால் மட்டும் அதைப் பெற முயன்றால் கிடைப்பது கீச்சிடல். இதைவிடக் கடினமான எதிர்ப்பு ஸ்டாக்ஹோமிலிருந்து வருகிறது. சன்லைட் ஸ்டுடியோவில் பதிவான என்டூம்ட் குழுவின் 1990 ஆல்பம் ‘லெஃப்ட் ஹேண்ட் பாத்’; பாஸ் எச்எம்-2 பெடலின் எல்லாக் குமிழ்களையும் முழுக்கத் திருப்பிவைத்து எடுத்த ஒலி அது. மிதம் என்ற சொல்லுக்கே அங்கே இடமில்லை. ஒரு இசைவகையே அதிலிருந்து கிளைத்தது. இதை நான் விலக்காகவே ஒப்புக்கொள்ளலாம். ஆனாலும் அந்தப் பெடலுக்குள் சிதைவுக்குப் பின்னால் 1 கிலோஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியைக் கூர்மையாகத் தூக்கும் சர்க்யூட் இருக்கிறது. எல்லாக் குமிழையும் திருப்பும்போது அந்தத் தூக்கலும் உச்சத்துக்குப் போகிறது. ரம்பம் அறுப்பதுபோன்ற அந்த ஒலி பாட்டுக்கு நடுவே தனித்துக் கேட்பது அதனால். என் வாதத்தை அது முழுக்க உடைக்கவில்லை. விரிசல் விழச்செய்கிறது என்பதை மறுக்க மாட்டேன். டூம் மெட்டல் வகையினர் சேற்றையே விரும்பிக் கேட்கிறார்கள். அவர்களிடம் வாதிட எனக்கு ஒன்றுமில்லை.

வெட்டுவதுதான் கலை என்றால் வால்வு எதற்கு, கணினி இதைத் துல்லியமாகச் செய்யுமே என்ற கேள்விக்கு என் பதில் பலருக்குப் பிடிக்காது: ஒலிப்பதிவில் செய்கிறது. உண்மையான ஆம்பின் ஒலியைப் படியெடுத்துவைக்கும் கெம்பர் போன்ற கருவியையும் மூலத்தையும் பதிவில் கேட்டுப் பிரித்தறிவது மிகக் கடினம். ஆனால் படியெடுக்கும்போது குமிழ் எந்த மணியில் நின்றதோ அதுதான் அந்தப் படத்தின் முகம். நான்கு மணியில் எடுத்த படத்தில் கெயினைக் குறைத்தால் பத்து மணியின் ஆம்ப் அப்படியே கிடைத்துவிடாது. தீர்மானம் மறுபடி அதே குமிழிடம் போய் நிற்கிறது; வால்வா சில்லா என்பது அதற்குப் பிறகுதான்.

வால்வு வைத்திருப்பவர்களிடம் இன்னொரு வழக்கம் உண்டு. 5150 வகை ஆம்பின் கெயின் குமிழ், ஒன்பது மணியிலிருந்து பத்துக்குப் போவதற்குள் தாவிவிடும். நுணுக்கமாக நிறுத்த முடியாது. எனவே பின்புறம் கையை விட்டு முதல் வால்வை உருவி, 12ஏஎக்ஸ்7 இருந்த இடத்தில் பெருக்கக் காரணி 70 உள்ள 5751-ஐச் செருகுகிறார்கள். குமிழின் பயணம் நீள்கிறது, சீற்றம் தணிகிறது, அடக்கிய அடியின் முனை திரும்பி வருகிறது. இன்னும் துணிந்தவர்கள் அதற்கும் கீழே போகிறார்கள்: ஹான்வெல்லில் கழற்றி வைக்கப்பட்ட அதே 12ஏஒய்7.